டச்சே கிடையாது

ஆல்பின் கெட்ட மனுஷன் இல்லை. சந்தேகப் பிராணி, அவ்வளவுதான். மீன்காரி எடை போடும்போது எல்லோரும் தராசைப் பார்ப்பார்கள், இவன் அவள் சுண்டுவிரலைப் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டால், "இன்னிக்கு இவருக்கு எங்கேயோ சாப்பாடு சொல்லியிருக்காங்க" என்று மனைவி ஆன்மேரியின் காதைக் கடிப்பான். பார்க்கிற வேலையும் அதற்குத் தோதான வேலைதான். ரங்கூன் லான்மடாவில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில், வந்த சரக்கு சொன்ன சரக்குதானா என்று பெட்டியைத் திறந்து பார்க்கிற உத்தியோகம். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் கொடுத்தால் மனுஷன் எப்படித் திருந்துவான்?

அவன் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான்: பழைய டச்சு சைக்கிள். ஒல்லாந்து தேசத்துப் பட்டறைகளில் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எஃகுக் குழாயில் செய்த பந்தய சைக்கிள்கள். கைப்பிடி ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். ஜப்பானிலிருந்து பழைய சைக்கிள்களை அடைத்துக்கொண்டு ரங்கூனுக்கு வருகிற கண்டெய்னரில் எப்போதாவது ஒன்று தப்பி வந்து மாட்டும். அப்படி மாட்டியதில் இரண்டு ஆல்பின் வீட்டில், அலோன் பேட்டையில் இரண்டாவது மாடி ஹாலில் தொங்கின. ஒல்லாந்துக்காரன் பனைமர உயரம், ஆல்பின் அப்படியில்லை. சீட்டில் ஏறினால் கால் தரையில் எட்டாது. அதனால் என்ன, ஓட்டுவதற்கா வாங்கினான்? துடைப்பதற்கு வாங்கினான். மழை நாளில் ஆன்மேரி அந்தக் கைப்பிடியில் துணி காயப்போடுவாள், வீட்டில் அன்றைக்கு ஒரு சண்டை நடக்கும்.

இந்தப் பைத்தியம் ரங்கூனில் அவனுக்குத் தெரிந்து இன்னொருவருக்குத்தான் இருந்தது. அவர் மாரிச்சாமி. க்யிம்யிண்டைங்கில் படகுத்துறைக்குப் போகிற வழியில் பழைய சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஆல்பினை விட வயதில் மூத்தவர், வாய் நீளம், மனசு அதைவிட நீளம். அவரிடம் ஒரு பச்சை டச்சு சைக்கிள் இருந்தது. கடையில் இல்லை, மேல்வீட்டில் போர்வை போர்த்தி வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒருதரம் ஆயுத பூசைக்குக் கீழே இறங்கும். சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையுமாக நிற்கும். ஆல்பின் எட்ட நின்று பார்ப்பான், கிட்டே போனால் மாரிச்சாமி கையைத் தட்டிவிடுவார்.

"பழைய வண்டிக்கு உசிரே பெயிண்டுதான்டா. உதிரிச் சாமான் போனா வேற வாங்கலாம். பட்டறைக்காரன் அடிச்ச பெயிண்டு போனா போனதுதான், எவன் தலைகீழா நின்னாலும் திரும்ப வராது" என்பார். ஆல்பினும் தலையாட்டுவான். இதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கட்சி.

அப்பேர்ப்பட்ட மாரிச்சாமி ஒருநாள் போன் செய்தார். "அந்தப் பச்சையை வந்து எடுத்துட்டுப் போடா. நீயே வச்சுக்கோ."

ஆல்பினுக்குக் காது அடைத்துவிட்டது. "பதிலுக்கு நான் என்ன தரணும் கோ மாரி?" என்றான், அண்ணனுக்குப் பர்மியர் போடுகிற 'கோ'வைப் போட்டு.

"ஒன்னும் வேணாம். சும்மா எடுத்துட்டுப் போ. துடைக்கிறதோட நிறுத்திக்கோ, அது போதும்." போனை வைத்துவிட்டார்.

சும்மா! அந்த ஒரு வார்த்தை ஆல்பினின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இத்தனை வருஷம் கிட்டேயே விடாத மனுஷன், கேட்காமலே தூக்கிக் கொடுக்கிறாரா? எதற்கு? எந்தப் பெட்டியிலும் 'சும்மா' என்று ஒரு சரக்கு வந்து அவன் பார்த்ததில்லை.

"ஆசையா குடுத்தா வாங்கிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள் ஆன்மேரி.

"உனக்கு ஒன்னும் தெரியாது, சும்மா இரு" என்றான். அப்புறம் அவன் சொன்ன 'சும்மா'வே அவனை உறுத்தியது.

ஞாயிறு பூசை முடிந்ததும் க்யிம்யிண்டைங் போனான். கடைவாசலில் ரிம்களும் டயர்களும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அதற்குப் பின்னாலிருந்து மாரிச்சாமியின் குரல் கேட்டது. பினாங்கில் இருக்கிற பாலாவோடு போனில் பேச்சு. பாலாவும் பழைய சைக்கிள் பிரியர், இருவரும் மணிக்கணக்கில் அளப்பார்கள். ஆல்பின் கூப்பிட வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"சத்தியமா சொல்றேன் பாலா. அந்தப் பச்சை வண்டியில டச்சே கிடையாது. ஒரு துளி கிடையாது." மாரிச்சாமி சிரித்தார். "யாருக்குக் குடுத்தேனா? நம்ம ஆல்பின் தலையில கட்டிட்டேன்!"

அடப்பாவி!

ஆல்பினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டச்சே கிடையாதாம். சீனத்து வண்டிக்குப் பச்சை அடித்து, மாலை போட்டு, பொட்டு வைத்து, இத்தனை வருஷம் ஊரை ஏமாற்றியிருக்கிறார். இப்போது குட்டு வெளிப்படுவதற்குள் இளிச்சவாயன் ஒருவன் தலையில் கட்டியாகிவிட்டது. அதனால்தானே கிட்டே விடவில்லை! அதனால்தானே சும்மா!

தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனான். மாரிச்சாமி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக எழுந்து வந்து தோளில் அடிப்பவர் அன்றைக்கு எழுந்திருக்கவே இல்லை. முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. "அந்தா நிக்குது. எடுத்துட்டுப் போ" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திருட்டு முழி என்று ஆல்பின் மனசுக்குள் எழுதிக்கொண்டான். ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். கேட்டிருக்கலாம். 'என்ன கோ மாரி, இப்படிச் சொன்னீங்க' என்று ஒரு கேள்வி, அங்கேயே எல்லாம் தீர்ந்திருக்கும். ஆனால் சந்தேகப்படுகிறவன் நேராகக் கேட்பானா? கேட்டால் எதிராளி உஷாராகிவிடுவானே!

அந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டு வந்தால் டார்ச்சும் கையுமாகச் சைக்கிளைச் சுற்றிவந்தான். தேடுகிறவனுக்குக் குற்றம் கிடைக்காமல் போகுமா? கைப்பிடிக்குக் கீழே பட்டறையின் பித்தளை முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைதான் இருந்தது. சரி, ஒன்று. நாற்பது வருஷ வண்டிக்குப் பெயிண்டு இந்தப் பளபளப்புப் பளபளக்கலாமா? அது இரண்டு. குழாய் நெடுக ஓடின பொன் நிறக் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தது, யாரோ தூரிகையால் கையில் இழுத்த கோடு. ரங்கூனில் கையால் கோடு போடுகிறவன் யார்? பெயிண்டர் மாஹிர். மாரிச்சாமியின் கடைக்குப் பக்கத்துக் கடை. போதாதா?

அந்தக் காலத்து ஒல்லாந்துப் பட்டறையிலும் கையால்தான் கோடு போட்டார்கள் என்பது ஆல்பினுக்குத் தெரியாததல்ல. அவன் வீட்டில் தொங்குகிற இரண்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கோபத்தில் இருக்கிறவனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

சனிக்கிழமை காலை ஹாலில் பழைய செய்தித்தாளை விரித்து, சைக்கிளைப் பிரித்து, வெறும் ஃபிரேமைத் தலைகீழாக வைத்தான். பக்கத்தில் பெயிண்ட் ரிமூவர் டப்பா. வாசனை மூக்கைத் துளைத்தது. ஆன்மேரி அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தாள்.

"என்ன செய்யப் போறீங்க?"

"உரிக்கப் போறேன். உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டு, அப்படியே கொண்டுபோய் அவர் கடை வாசல்ல நிறுத்தப் போறேன். க்யிம்யிண்டைங்கே பார்க்கட்டும்."

"முழுசாவா? பெடல் அச்சு கிட்ட, அடியில, யாருக்கும் தெரியாத இடமாப் பார்த்து ஒரு விரல் அகலம் சுரண்டுங்களேன். பட்டறைக்காரன் அடிச்ச நம்பர் இருந்தா அங்கதான இருக்கும்னு நீங்கதான சொல்வீங்க?"

"அடிப் பாகத்தை மட்டும் நிஜ வண்டியிலேருந்து அறுத்து ஒட்ட வச்சிருப்பார். எத்தனை பெட்டி பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு எல்லாம் தெரியும். மாரி அண்ணனைத் தவிர" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ரிமூவரைப் பூசினான். பச்சை பொங்கிச் சுருண்டது. தகட்டால் வழித்தான். பச்சைக்குக் கீழே வேறு நிறம் வரும், நீலமோ கறுப்போ, பழைய சீன ஸ்டிக்கர் ஒன்றாவது எட்டிப்பார்க்கும் என்று வழிக்க வழிக்கக் காத்திருந்தான். பச்சைக்குக் கீழே பட்டறையின் சாம்பல் பூச்சு, அதற்குக் கீழே எஃகு. வேறு ஒன்றும் இல்லை. கை ஒரு நிமிஷம் தயங்கியது. ஆனாலும் பாதி உரித்த சைக்கிளை யார் என்ன செய்ய முடியும்? மிச்சத்தையும் உரித்தான்.

குழாய்கள் சேரும் மூட்டுகளில் பித்தளை பற்றவைத்த வரி மெல்லிசாக, பொன் நூல் மாதிரி தெரிந்தது. ஓர் இடத்தில்கூடப் பிசிறு இல்லை. அறுத்து ஒட்டிய தடம் எங்கும் இல்லை. கடைசியாகப் பெடல் அச்சு ஓடுகிற உருளையின் அடியைத் துடைத்தான். எண் தெரிந்தது. எண்ணுக்குக் கீழே, உளியால் அடித்த எழுத்தில், ஹாலந்து.

"ஆன்மேரி!" என்று கத்தினான். "டச்சுதான்டீ! அசல் டச்சு! வந்து பாரு!"

அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒரு வாரமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை இறங்கியது. மாரிச்சாமி ஏமாற்றவில்லை! பின்னே ஏன் அப்படிப் பேசினார்? பாலாவின் வாயில் விழாமலிருக்கப் பொய் சொல்லியிருப்பார், கண்ணு படக்கூடாதென்று. இவ்வளவு நல்ல மனுஷனைப் போய்! அந்தச் சந்தோஷத்தில் உரித்துப்போட்ட பெயிண்டின் நினைப்பே வராமல் உடனே போன் போட்டான். "கோ மாரி, நாளைக்கு வீட்டுக்கு வாங்க. ஆன்மேரி கையால மோஹிங்கா சாப்பிடணும். வண்டியையும் பார்க்கணும்."

"வர்றேன்டா. எனக்கும் ஒரு வேலை இருக்கு" என்றார் மாரிச்சாமி. குரலில் சந்தோஷம்.

ஞாயிறன்று சைக்கா ஒன்று வாசலில் வந்து நின்றது. அந்த மூன்று சக்கர வண்டியிலிருந்து மாரிச்சாமி இறங்குவதற்கே சைக்காக்காரன் கைகொடுக்க வேண்டியிருந்தது. படியில் ஒவ்வொரு காலாக வைத்து, நின்று நின்று ஏறினார். ஆல்பின் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். இவர் எப்போது இப்படி ஆனார்?

"முட்டி போச்சுடா" என்றார் மூச்சு வாங்கியபடி. "இனிமே காலைத் தூக்கிப் போட்டு சைக்கிள் ஏற முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டான். அன்னிக்கு எந்திரிச்சு உன்னை வழியனுப்பக்கூட முடியலை. முடிஞ்சிருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன், பார்த்தா அழுதிருப்பேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பித்தளை முத்திரை. தேய்த்துத் தங்கமாக மின்னியது. "திருகு லூசாகிக் கழண்டிருச்சு, தொலைஞ்சுடக் கூடாதுன்னு சாமி மாடத்துல வச்சிருந்தேன். பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு சீர் குடுக்கலைன்னா எப்படி? எங்க என் பொண்ணு?"

ஹாலுக்குள் வந்தார். சன்னலோரம் நின்ற வெறும் எஃகைப் பார்த்தார். அது என்னவென்று அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அமலே" என்றார். பர்மியர்கள் அம்மாவைக் கூப்பிடுவதுபோல, மெதுவாக. "பெயிண்டு எங்கடா?"

"கோ மாரி, நீங்கதான... பாலாகிட்ட டச்சே கிடையாதுன்னு சொன்னீங்களே. நான் வாசல்ல நின்னு கேட்டேன். ஒல்லாந்து வண்டியே இல்லைன்னு..."

"ஒல்லாந்தா?" அவர் ஆல்பினை வெறித்துப் பார்த்தார். "டச்சுடா. மாஹிர் சொல்வானே, கீறல் விழுந்த இடத்துல டச் வைக்கிறதுன்னு. அந்த டச். பட்டறைக்காரன் அடிச்ச பெயிண்டு மேல ஒருத்தன் தூரிகை படலை, ஒரு துளி டச் கிடையாதுன்னு பெருமையா சொல்லிக்கிட்டிருந்தேன். பாலா கேட்டான், எனக்குக் குடுங்கன்னு. நான் குடுக்கலை. ஆல்பின் மட்டுந்தான் கை வைக்காம வச்சிருப்பான், அவன் தலையில கட்டிட்டேன்னு சொன்னேன்."

"மாஹிரைக் கூப்பிட்டு அதே பச்சையை அடிச்சுடலாம் கோ மாரி. கோடும் போட்டுடலாம். வித்தியாசமே தெரியாது."

"அதுக்குப் பேருதான்டா டச்."

முத்திரையை மறுபடி துணியில் சுற்றினார். மூலையில் கிடந்த செய்தித்தாளில் பச்சைச் சுருள்கள் காய்ந்து கிடந்தன. அதைப் பார்த்தார், குனிந்து எடுக்க நினைத்தவர் போல, ஆனால் முட்டி மடங்கவில்லை. ஆன்மேரி கிண்ணத்தில் மோஹிங்காவோடு கதவோரம் நின்றாள். "அண்ணே, சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றாள். அவர் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

படியில் இறங்கும்போது முதல் படியிலேயே கால் தடுமாறியது. ஆல்பின் பாய்ந்து அவர் கையைப் பிடிக்கப் போனான்.

"டச் பண்ணாதே" என்றார் மாரிச்சாமி.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று இந்தத் தடவை ஆல்பினுக்குச் சந்தேகமே வரவில்லை.