சுப்பண்ணன் திருடாமல் ஆடிய சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை காலை ரம்மியில் சுப்பண்ணன் மூன்று ஆட்டம் தோற்றார். தோற்றதில் சாந்தாமணிக்கு ஒன்றுமில்லை. ஒரு சீட்டைக்கூடத் திருடாமல் தோற்றாரே, அதுதான் உறுத்தியது.

காரமடை ரோட்டில் இருந்த அந்த முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில், சாப்பாட்டு ஹாலின் ஜன்னலோர மேசை காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று பேருக்குச் சொந்தம். ஒருவர் கோபிப் பக்கம் வாழை போட்டுக்கொண்டிருந்த சுப்பண்ணன், எழுபத்தொன்பது வயது. இன்னொருவர் கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருந்த முஸ்தபா. மூன்றாவது ஆள் சாந்தாமணி. பத்தாவதில் ஃபெயிலானவர்களைப் பாஸாக்கிவிடும் டுடோரியல் ஒன்றை முப்பது வருடம் நடத்தியவர். பந்தயம், சாயங்காலம் வரும் பஜ்ஜி.

சுப்பண்ணன் திருடுவது மற்ற இருவருக்கும் தெரியும். முஸ்தபா அதற்குக் கோபப்படுவார். சாந்தாமணி ரசிப்பார். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் அது லேசுப்பட்ட வேலையில்லை. முதலில் தன் பதின்மூன்று சீட்டும் மனதில் இருக்க வேண்டும். முஸ்தபாவின் கண்ணாடி தடிமனானது. வெளிச்சம் சரியான பக்கமிருந்து விழுந்தால் அவர் கையிலுள்ள சீட்டு அதில் குட்டியாகத் தெரியும், அதைப் படிக்க வேண்டும். சாந்தாமணி எதைக் கீழே போட்டார் என்பது மறக்கக் கூடாது. இத்தனைக்கும் நடுவே, போன ஆடிக் காற்றில் எத்தனை வாழை சாய்ந்தது என்ற பேச்சையும் விடாமல் நடத்த வேண்டும். எதிரே இருக்கும் நாலு கண்ணும் மேசையை விட்டு விலகும் ஒரு நொடியில் அவர் தோளிலிருந்து துண்டு நழுவும். குனிந்து எடுக்கும்போது அதற்குள் ஒரு சீட்டு ஏறியிருக்கும்.

வெள்ளிக்கிழமைகூட அப்படி இரண்டு ஏறியது. சனிக்கிழமை துண்டு தோளிலேயே கிடந்தது. வாழை சாயவில்லை. எப்போது சீட்டை இறக்க வேண்டும் என்று முஸ்தபா ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. முஸ்தபாவுக்கோ ஒரே சந்தோஷம்.

“அண்ணன் திருந்திட்டாருங்க டீச்சர். இனி மூணு பஜ்ஜியும் நமக்குத்தான்.”

பத்து மணிக்கு நர்ஸ் ரூபினா கேள்வித்தாளோடு வந்தார். இரண்டு நாள் லீவு முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். அந்தத் தாள் இல்லத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இது எந்த இடம், எந்த வருஷம், வயது என்ன என்று கேட்டுவிட்டு, கடைசியில் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள். சித்திரையிலிருந்து முன்னால் சொல்வது இறக்கத்தில் சைக்கிள் விடுவது மாதிரி, மிதிக்கவே வேண்டாம். பின்னால் சொல்லும்போது ஒவ்வொரு மாதத்திலும் நின்று, முந்தையது எது என்று தேடி, விட்ட இடத்தையும் மறக்காமல் இருக்க வேண்டும். கவனம் ஓடுகிறதா என்று பார்க்க அவ்வளவு போதும்.

தாள் வந்த வாரமே ஒரு வதந்தியும் வந்தது. மார்க் குறைந்தவர்களை மாடிக்கு மாற்றிவிடுவார்களாம். மாடியில் ஞாபகம் போனவர்கள் இருந்தார்கள். கதவு எப்போதும் பூட்டியிருக்கும். சீட்டுக்கட்டு மேலே போகாது. சில நாளாகத் தெரிந்தவர்கள் பெயரெல்லாம் சாந்தாமணியின் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. யாரிடமும் அதை அவர் சொல்லவில்லை. வினாத்தாளைப் பார்த்ததும் பழைய கை அரித்தது. முக்கியக் கேள்விகளைக் குறித்தார், விடைகளை எழுதினார், கீழ்த்தளம் முழுவதற்கும் கோச்சிங் எடுத்தார். மாதங்களுக்கு ஒரு தனி வித்தை செய்தார். மேட்டுப்பாளையம் பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயரை அடுக்குவது போல, பங்குனி மாசி தை மார்கழி என்று ஒரே மூச்சில் கத்தப் பழக்கினார். பத்து நாளில் எல்லோருக்கும் அது மனப்பாடம். கீழ்த்தளமே நூற்றுக்கு நூறு.

சுப்பண்ணனும் அன்று அப்படியே ஒப்பித்தார். கண் பாதி மூடியிருந்தது. ரூபினா இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார். ஆனால் பங்குனியில் ஏறியவர் சித்திரையில்தான் இறங்கினார். ஓரிரு நாளில் ஏதும் மாற்றம் உண்டா என்ற கட்டத்தில், அந்த இரண்டு நாளும் லீவில் இருந்த ரூபினா, இல்லை என்று எழுதினார். காபி ஆறிப்போச்சு என்று ஒரு சண்டைகூட இல்லை, ஐயா இன்றைக்கு எவ்வளவு சமத்து என்று மெச்சிவிட்டுப் போனார். சமையல்காரம்மாவும் அதையே சொன்னார்.

சாந்தாமணி மட்டும் அதை நம்பவில்லை. முழு மார்க் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். அந்த மார்க் சுப்பண்ணனுடையது இல்லை, கோச்சிங்குடையது.

மத்தியானம் அவர் ஒரு பொறி வைத்தார். ஆட்டத்தின் நடுவே, ஜோக்கர் சீட்டைச் சுப்பண்ணனின் கால் பக்கமாகக் கீழே தவறவிட்டு, ஜன்னலில் குருவி பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். முஸ்தபாவையும் குருவி பார்க்க வைத்தார். திருடத் தெரியாதவன்கூட அதை விடமாட்டான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுப்பண்ணன் மெதுவாகக் குனிந்து, சீட்டை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“அம்மணி, உங்க சீட்டு கீழ உழுந்துருச்சுங்க.”

சாந்தாமணி சீட்டை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். அவர் ரூபினாவின் அறைக்குப் போனார். போகும் வழியில் இரண்டு முறை நின்றார். உண்மையைச் சொன்னால் கீழ்த்தளத்தின் மார்க் எல்லாம் ரத்தாகும்; புதுக் கேள்வி வரும்; அதில் முதலில் மாட்டப்போவது தானேதான். மாடிப்படியின் பூட்டு அங்கிருந்தே தெரிந்தது. மூன்றாவது முறை அவர் நிற்கவில்லை.

“கண்ணு, நானு ஒரு தப்பு பண்ணிப்போட்டேன்” என்று ஆரம்பித்து, வினாத்தாள், கோச்சிங், கண்டக்டர் ராகம் எல்லாவற்றையும் கொட்டினார். கடைசியாக, “சுப்பண்ணண்ணன் இன்னைக்குத் திருடலீங்க. அவருக்கு ஒடம்புக்கு என்னமோ ஆயிப்போச்சு. வந்து பாரு” என்றார்.

ரூபினா திட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. நேராக ஹாலுக்குப் போய்ச் சுப்பண்ணன் முன்னால் உட்கார்ந்தார்.

“ஐயா, ஆவணியிலிருந்து பின்னால சொல்லுங்க.”

“பங்குனி, மாசி, தை…”

“ஆவணிங்க ஐயா. ஆவணிக்கு முன்னாடி?”

சுப்பண்ணன் அவரை அன்போடு பார்த்தார். “பங்குனி, மாசி” என்றார் மறுபடியும். அப்புறம் ரூபினாவின் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாய்க்காலில் தண்ணி திறந்தாச்சா என்று கேட்டார்.

டாக்டருக்குப் போன் போனது. அவர் வரும் வரை ரூபினா நாடியும் காய்ச்சலும் பார்த்தபடியே விளக்கினார். இதற்கு டெலிரியம் என்று பெயர். ஞாபகம் வருஷக்கணக்கில் தேய்வது வேறு. இது ஓரிரு நாளில் வரும், ஏறும், இறங்கும். உடம்பில் எங்கோ ஒரு கோளாறு, அதன் அதிர்ச்சி மூளையில் தெரிகிறது. சிலர் கத்துவார்கள், குழாயைப் பிடுங்குவார்கள். அவர்களை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். சிலர் அடங்கிப்போவார்கள். அவர்களைத்தான் சமத்து என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம் என்றார். சொல்லும்போது அவர் முகம் சிறுத்தது. கோளாறைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், தாமதமானால் ஆபத்து. சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, ஏதாவது புது மாத்திரை, கோளாறு எதுவாகவும் இருக்கலாம்.

மாத்திரை என்றதும் கதவோரம் நின்றிருந்த முஸ்தபா தொண்டையைக் கனைத்தார். டீச்சரே சொல்லிவிட்ட பிறகு தான் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். சளி மாத்திரை. சுப்பண்ணன் தும்மித் தும்மி ஆட்டத்தைக் கெடுத்ததால், வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து வேளைக்கு ஒன்றாகக் கொடுத்து வந்திருக்கிறார். தும்மல் நின்றுவிட்டதாம்.

தும்மலோடு வேறொன்றும் நின்றிருந்தது. அந்த ரக மாத்திரை மூக்கைக் காயவைப்பதோடு விடாது. வயதான ஆண்களில் சிலருக்குச் சிறுநீர்ப்பையைச் சுருங்கவிடாமல் கட்டிப்போடும், மூளையின் கவனத்தையும் மங்கவைக்கும். டாக்டர் வந்து அடிவயிற்றைத் தொட்டதுமே கண்டுபிடித்தார். இளநீர்க்காய் மாதிரி இறுகியிருந்தது. குழாய் வைத்துச் சிறுநீரை வெளியே எடுத்தார். மாத்திரையை நிறுத்தினார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சிறுநீரகத்தில் கை வைத்திருக்கும் என்றார். முஸ்தபா அன்று பஜ்ஜியைத் தொடவில்லை.

ஞாயிறு முழுக்கச் சுப்பண்ணன் தூங்கினார். திங்களன்று வாய்க்காலைப் பற்றிக் கேட்கவில்லை. புதன்கிழமை காபி ஆறிப்போச்சு என்று சமையல்காரம்மாவோடு சண்டை பிடித்தார். அந்தச் சத்தம் கேட்டு ரூபினா ஓடி வந்து வாசலில் நின்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை மூவரும் மேசைக்குத் திரும்பினார்கள். பத்து மணிக்கு வந்த ரூபினா தாளை உடனே எடுக்கவில்லை. சாந்தாமணியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்து, அண்ணன் எப்படி என்று காதோடு கேட்டார். துண்டுக்குள் இதுவரை ஒன்று, வாழை இருநூறு சாய்ந்திருக்கிறது என்று சாந்தாமணி சொன்னார். மாற்றம் உண்டா என்ற கட்டத்தில் ரூபினா எழுதியதை அவர் எட்டிப் பார்த்தார். ‘வழக்கம்போல் திருடுகிறார், நலம்’ என்று இருந்தது.

“இப்ப உங்க முறைங்க டீச்சரம்மா. தையிலிருந்து பின்னால வாங்க.”

சாந்தாமணி சீட்டுகளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“வராட்டி மாடிக்குங்களா அம்மணி?” என்று கேட்டார்.

“மாடிக்கு யாரு சொன்னாங்க? வராட்டி ஏன்னு பாப்போம். தண்ணி குடிச்சீங்களா, தூங்குனீங்களான்னு பாப்போம். அதுக்குத்தாங்க இந்தத் தாளே.”

சாந்தாமணி கண்ணை மூடிக்கொண்டார். தை. மார்கழி. கண்டக்டர் ராகம் குறுக்கே வந்து பங்குனி பங்குனி என்று கத்தியது; அதைத் தள்ளிவிட்டார். கார்த்திகை. ஐப்பசி வர நேரமானது. ஐப்பசி என்றால் மழை. அதற்கு முன்னால் பெருமாளுக்குச் சனிக்கிழமை விரதம். புரட்டாசி. ஆவணி. ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைத் தொட்டுத் தொட்டு இறங்குவது போல இருந்தது. ஆடி, ஆனி, வைகாசி. சித்திரையில் கால் வைத்து, அதையும் தாண்டிப் பங்குனிக்குப் போய், மாசியில் நின்றார். மெதுவாகத்தான். ஆனால் எல்லாம் அவருடையது.

கண்ணைத் திறந்தார். ரூபினா டிக் அடித்துக்கொண்டிருந்தார். முஸ்தபா ஜன்னலில் ஏதோ குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தாமணி தன் சீட்டுகளை நிமிர்த்தி எண்ணினார். பன்னிரண்டு. ஜோக்கரைக் காணோம்.

சுப்பண்ணன் துண்டை ஒழுங்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, போன ஆடிக் காற்றைப் பற்றி ஆரம்பித்தார்.