ஜெனரலுக்காகக் கேட்ட மன்னிப்பு

அப்பாவின் உடலைச் சுற்றுவதற்கான கபன் துணியின் மூன்றாவது துண்டைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, பெண்கள் முற்றத்துத் திரைக்கு வெளியே அண்ணன் லாவலின் குரல் கேட்டது. ரக்கியா துணியைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு மணிக்குத் தொழுகை என்றான். இப்போதைய அதிபரின் விமானம் மூன்றரைக்குத்தான் இறங்குமாம். காத்திருக்கச் சொன்னதற்குச் சித்தப்பாக்கள் மறுத்துவிட்டார்கள். செத்தவர் நாட்டை ஆண்டிருந்தாலும் ஆடு மேய்த்திருந்தாலும் மய்யித்தைப் போட்டு வைக்கக் கூடாது.

"அந்தம்மாகிட்ட கேட்டியா?" என்று கேட்டான்.

"இல்ல."

விடியற்காலையில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது அப்பா அந்த ஒரு பெயரைத்தான் சொன்னார். தலாத்து. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு என்னை எடுங்கள் என்றார்.

அப்பா நாட்டை இரண்டு முறை ஆண்டவர். முதல் முறை ஜெனரலாக, துப்பாக்கியோடு வந்தார். மக்கள் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்ற தலைமையாசிரியரைச் சிப்பாய்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. அவருடைய மனைவிதான் தலாத்து. இருபது வருடம் கழித்து அப்பா சீருடையைக் கழற்றி, பூவேலை செய்த நீள அங்கி மாட்டிக்கொண்டு, தலாத்துவின் வீட்டுக்கே ஓட்டுக் கேட்டுப் போனார். பாலில் கரைத்த கம்பங்கூழை அவள் கையால் வாங்கிக் குடித்தார். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அவர் ஜெயித்தார்.

"அவங்கதான் அப்பாவுக்கு ஓட்டே போட்டாங்களே. அப்பவே மன்னிச்சாச்சுன்னுதானே அர்த்தம்?" என்றான் லாவல்.

"அப்ப நீயே போய்க் கேளு."

"பொம்பளைங்க பக்கம் நான் எப்படி வர்றது?"

"ஓட்டுக் கேக்க மட்டும் எல்லா வீட்டுக்குள்ளயும் வந்தீங்க."

ரக்கியா முற்றத்தைச் சுற்றி வந்தாள். உட்காரச் சொன்னவர்களிடம் வேலை இருக்கிறது என்றாள். மந்திரி மனைவிகள் கம்பளத்தில் இருந்தார்கள். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பாயில் தலாத்து தனியாக இருந்தாள். மூன்று முறை அவளைக் கடந்துபோன ரக்கியா நான்காவது முறை நின்றாள்.

"ஹாஜியா, அப்பா உங்ககிட்ட..."

"தெரியும் மகளே." தலாத்து குரலை உயர்த்தவில்லை. "ஓட்டுப் போட்டேன். தெருவுக்குத் தண்ணி வரும்னு போட்டேன், வந்துச்சு. அது வேற. அன்னிக்கு அரைமணி நேரம் எங்க வீட்ல உக்காந்திருந்தாரு. இப்பக் கேப்பாரு, இப்பக் கேப்பாருன்னு நான் அவரு வாயையே பாத்துக்கிட்டிருந்தேன். கூழக் குடிச்சாரு, வாயத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சுட்டாரு."

சித்தியின் மடியில் மடித்து வைத்த வெள்ளைத் துணியை ஒரு தடவை பார்த்தாள்.

"என் வீட்டுக்காரருக்கு யாரு கிழிச்சா?"

திரைக்கு அந்தப் பக்கம் லாவல் காத்திருந்தான். "சொல்லிட்டாங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். யாரும் போய் விசாரிக்கப் போவதில்லை. அப்பா நிம்மதியாகப் போவார். அப்படித்தான் ஊரே சொல்லும்.

"இல்ல."

"சரி, நான் பொதுவாக் கேட்டுடறேன்."

"எல்லாரும்னு மட்டும் சொல்லாதண்ணே."

குளிப்பாட்டி முடித்தார்கள். துணியும் வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. எங்கள் அப்பா யாருக்காவது தீங்கு செய்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றான் லாவல். ஒரு நொடி நிறுத்தினான். ரக்கியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் மன்னிச்சுட்டீங்களா?"

மன்னித்துவிட்டோம் என்று கூட்டம் மூன்று முறை முழங்கியது. தேர்தல் கூட்டங்களில் கேட்ட அதே முழக்கம். கம்பளத்தில் இருந்த மந்திரி மனைவிகளும் முணுமுணுத்தார்கள். தலாத்துவின் உதடு அசையவில்லை.

வெளியே ஜனாஸாவைத் தூக்கினார்கள். காலடிச் சத்தம் சுவரோரமாக நகர்ந்து போனது. தலாத்து முழங்காலை மடக்கிக்கொண்டு, பாயில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒதுங்கினாள்.

ரக்கியா நின்றுகொண்டே இருந்தாள்.