உப்பில்லாப் பத்தியம்

சின்னண்ணனைப் போலப் பெண்டாட்டி மேல் உயிரை வைத்திருந்த மனுஷன் மல்லசமுத்திரம் வட்டாரத்தில் சல்லடை போட்டுச் சலித்தாலும் இன்னொருத்தன் கிடைக்க மாட்டான். சந்தைக்குப் போனால் பழனியம்மாளுக்கென்று ஒரு முழம் பூவும் கொஞ்சம் பொரியும் மடியில் கட்டிக்கொண்டு வருவான். கல்யாணமான புதுசில் செய்தால் சரி, இத்தனை வருஷம் கழித்துமா என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே, அவனுக்கென்ன! ஆனால் பிரியம் மட்டும் இருந்தால் போதுமா? புத்தியும் கொஞ்சம் கூட வர வேண்டாமா? அந்தப் பிரியத்தாலேயே அவளை அவன் எமன் வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினான்.

மேட்டூரில் அணை கட்டி முடித்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. பழனியம்மாள் வேலைக்கு அஞ்சுகிறவள் அல்ல. புருஷன் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்தால் இவள் மடை திருப்புவாள். கம்பு இடிக்க உலக்கையைப் பிடித்தால் பக்கத்துக் காட்டுக்குச் சத்தம் கேட்கும். அப்பேர்ப்பட்டவள் ஒரு வருஷத்துக்குள் ஆளே மாறிப்போனாள். பாயை விட்டு எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பாதிக் களை எடுப்பதற்குள் வரப்பில் உட்கார்ந்துவிடுவாள். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. மாநிறமாக இருந்த முகம் கறுத்தது. வெயிலில் கறுத்ததென்றால் நிழலில் இருந்தால் தெளியும், இது தெளியவில்லை. உள்ளங்கை ரேகைகூட மசி தடவினது போல ஆகிவிட்டது.

மாமியார் ஆத்தாயி கெட்டவள் அல்ல. வாய்தான் கொஞ்சம் நீளம்.

"நோவாம், நோவு! காய்ச்சல் உண்டா, கட்டி உண்டா? வேலைன்னா ஒடம்பு வளைய மாட்டேங்குது, அவ்வளவுதான்" என்று வாசலில் நின்று ஊருக்கே கேட்கச் சொல்லுவாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் அதையே வாங்கி வாங்கிப் பேசினார்கள். ஒரு பெண்பிள்ளைக்குச் சோம்பேறி என்று பேர் வந்துவிட்டால் அது லேசில் போகிற பேரா!

சின்னண்ணன் ஒருத்தன்தான் மறுத்துப் பேசினான். "சும்மா இருங்கம்மா. அவளுக்கு நோவுதானுங்க. என்ன நோவுன்னுதான் தெரியலை."

ஒரு நாள் காலையில் மாட்டுக்குத் தவிடு கரைக்கக் கட்டுத்தறிக்குப் போனான். மாட்டுக்கென்று அங்கே ஒரு சட்டியில் கல்லுப்பு வைத்திருப்பார்கள். பழனியம்மாள் அந்தச் சட்டியின் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, ஒரு கை உப்பை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தாள். சின்னண்ணன் தவிட்டுக் கூடையை அப்படியே கீழே வைத்தான்.

"என்னம்மிணி இது?"

அவள் திடுக்கிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். "தெரியலீங்க. இதை வாயில போட்டாத்தான் உசுரு நிக்கிற மாதிரி இருக்குது. கொஞ்ச நாளாவே இப்படித்தானுங்க. அத்தைகிட்டச் சொல்லீராதீங்க."

அத்தையிடம் அவன் சொல்லவில்லை. நேராகத் தண்டாயுதபாணி வைத்தியரிடம் போய்ச் சொன்னான். நாடி பார்ப்பதில் பேர் போனவர் அவர். எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த கை. இல்லையென்று சொன்னால் பாவம். அவர் வந்து பழனியம்மாளின் கையைப் பிடித்துப் பார்த்தார், கறுத்த முகத்தைப் பார்த்தார், உப்புச் சங்கதியைக் கேட்டதும் தலையைத் தலையை ஆட்டினார்.

"அதானே பாத்தேன்! உப்பு ரத்தத்துல ஏறிக் கொதிக்குது. அதுதான் தோலைக் கருக்குது. மருந்து தாரேன். ஆனா உப்பில்லாப் பத்தியம் இருந்தாகணும். ஒரு கல்லு நாக்குல பட்டாலும் மருந்து வேலை செய்யாது, ஆமா."

பத்தியமென்றால் முதலில் உப்பைக் கழிப்பது நம் ஜனங்களுக்குப் புதுசா என்ன? சின்னண்ணனுக்கு ஒரே நிம்மதி. நோவுக்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது, அதற்கு ஒரு வழியும் கிடைத்துவிட்டது. வீட்டு உப்பைத் தூக்கிப் பரண்மேல் வைத்தான். மாட்டு உப்பைக் காட்டில் இருக்கிற சாளைக் குடிசைக்குக் கொண்டுபோய்விட்டான். அப்புறம் பழனியம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"எனக்காக, அம்மிணி. எவ்வளவு ஆசையா இருந்தாலும் தொடாத. நீ நல்லாயிட்டாப் போதும் எனக்கு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சரியென்று தலையாட்டினாள்.

அதோடு விட்டானா? தானும் உப்பில்லாக் களியைத்தான் தின்றான். "உனக்கென்னடா வந்துச்சு, பைத்தியக்காரா?" என்று ஆத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள். "அவ திங்கறதுதானுங்கம்மா எனக்கும்" என்றுவிட்டான்.

பழனியம்மாள் சொன்ன சொல் தவறவில்லை. அவன் மறைந்து நின்றுகூடப் பார்த்தான். பரண் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் உடம்பு தேறவில்லையே! குடித்த கஞ்சி குடித்தபடி வெளியே வந்தது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பயந்துபோய் வைத்தியரிடம் ஓடினான். "உள்ள இருக்கற விஷம் வெளியேறுது, பயப்படாத. பத்தியத்தை மட்டும் விட்றாத" என்றார் அவர். அவன் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

ஒரு மத்தியானம் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். கன்னத்தில் தட்டினாலும் கண் திறக்கவில்லை. கையும் காலும் சில்லிட்டுக் கிடந்தன. இத்தனை நாள் ஏசின ஆத்தாயி, "ஐயோ, என்ற சாமி! எந்திரி சாமி!" என்று மருமகளை மடியில் போட்டுக்கொண்டு அலறினாள். வண்டி கட்டி ரோட்டுக்கு ஓட்டி, பஸ்ஸை மறித்து ஏற்றிச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் சின்னண்ணன் வேண்டாத தெய்வமில்லை.

அங்கே இருந்த டாக்டரம்மா அதிகம் பேசாதவள். பழனியம்மாளின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். ஈறிலும் கறுப்பு திட்டுத் திட்டாக இருந்தது.

"இவங்க எதுக்காவது ரொம்ப ஏங்கினாங்களா? திங்கறதுக்கு?"

சின்னண்ணன் மென்று விழுங்கினான். பெண்டாட்டியின் மானத்தைச் சந்தியில் வைக்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. "உப்புங்க" என்றான் தாழ்ந்த குரலில். "அள்ளி அள்ளித் திம்பாளுங்க. ஆனா இப்ப இல்லீங்க. நானே நிறுத்திட்டனுங்க. ஒரு கல்லுகூடக் கொடுக்கலீங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். நர்சை விரட்டி உப்புத் தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஊசி வழியாகக் கையில் ஏற்றினாள். உப்புத் தண்ணீர்! சின்னண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான். புட்டி இறங்க இறங்க அவள் கைக்குச் சூடு வந்தது. பொழுது சாய்வதற்குள் கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றாள்.

அப்புறம்தான் டாக்டரம்மா அவனைத் தனியே கூப்பிட்டு விளங்கச் சொன்னாள். "சிறுநீரகத்து உச்சியில ரெண்டு சின்னச் சுரப்பி இருக்குப்பா. உடம்பில உப்பை நிறுத்தி வைக்கிறது அதோட வேலை. இவங்களுக்கு அது கெட்டுப்போச்சு. ஓட்டைப் பானையில தண்ணி நிக்காத மாதிரி, தின்ன உப்பெல்லாம் வெளியே போயிடுது. அதனாலதான் உடம்பே உப்பைக் கேட்டிருக்கு."

"அப்பன்னா... நாந்தானுங்களா?" என்றான் அவன். ஆஸ்பத்திரித் தூணைப் பிடித்துக்கொண்டு, பெரிய ஆம்பளை, நாலு பேர் பார்க்கத் தேம்பித் தேம்பி அழுதான்.

"தெரியாம செஞ்சது. இனிமே தெரிஞ்சு செய்" என்றாள் டாக்டரம்மா. இது அடியோடு தீருகிற நோவு இல்லை, பார்த்துப் பார்த்து நடத்த வேண்டும் என்றாள். எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புத் தண்ணீர் தினமும் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட வேண்டும். விரதம், பட்டினி கூடவே கூடாது. உச்சி வெயிலில் வேலை கூடாது. காய்ச்சலோ வாந்தியோ வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். சீமையிலிருந்து ஒரு ஊசி மருந்து வருகிறதாம். கிடைக்கும்போது சொல்லியனுப்புகிறேன் என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் ஆத்தாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "கல்லுப்பு மருந்தா! இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல!" சொன்னாளே தவிர, மறுநாள் காலையில் உப்பும் எலுமிச்சையும் கலந்து டம்ளரோடு மருமகள் முன்னால் நின்றவள் அவள்தான். சோம்பேறி என்று எவளாவது வாயெடுத்தால், "உன்ற நாக்கை இழுத்து வெச்சு அறுத்துருவேன்" என்று கிளம்பிவிடுவாள். பிறகு யார் பேசுவார்கள்?

பழனியம்மாள் மெல்ல மெல்லத் தேறினாள். பழைய உலக்கைச் சத்தம் திரும்பவில்லைதான். ஆனால் காலையில் சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள், வெயில் ஏறுவதற்குள் காட்டுக்குப் போய்ச் சின்னச் சின்ன வேலை பார்த்தாள், முகத்தில் பழைய சிரிப்பும் வந்தது. தேறாதவன் சின்னண்ணன்தான். அவள் முகத்தைப் பார்த்துப் பேசவே அவனால் முடியவில்லை. பூ வாங்கி வந்தால்கூட மாடத்தில் வைத்துவிட்டு நழுவிவிடுவான்.

ஒரு நாள் சாயங்காலம் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அவள் உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவன் வெறுமனே மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த மண்வெட்டியையே எத்தனை தடவை துடைப்பது? கடைசியில் கேட்டேவிட்டான்.

"ஏனம்மிணி, உப்பில்லாம உசுரு போகுதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமே. என்ற கண்ணை மறைச்சாவது ரெண்டு கல்லு வாயில போட்டிருக்கக் கூடாதா? பரண் என்ன எட்டாத ஒசரமா?"

பழனியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சுதுங்க. உப்பை நெனச்சா ராத்திரியெல்லாம் எச்சி ஊறும். ஆனா ஊரே என்னைச் சோம்பேறின்னு சொன்னப்ப, நீங்க ஒருத்தருதானுங்க நோவுன்னு சொன்னீங்க. நா திருடித் தின்னு, அதை நீங்க பாத்துட்டா? இவளுக்கு நோவும் இல்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் வேசம்னு நீங்களும் சொல்லீட்டா, நா எங்க போவேன்? செத்தாலும் சாகலாம், அந்தச் சொல்லை மட்டும் உங்க வாயில கேக்கக் கூடாதுன்னு இருந்தனுங்க."

சின்னண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"இங்க பாரு அம்மிணி. இனிமே உன்ற ஒடம்பு ஒண்ணு சொல்லி, நா வேற ஒண்ணு சொன்னா, என்ற பேச்சைக் கேக்காத. எவ்வளவு கெஞ்சினாலும் கேக்காத. கேட்டியா?"

அவள் முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். உதட்டோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க, இந்தப் பேச்சைக் கேக்கட்டுங்களா, வேண்டாமுங்களா?"