ஓசிக் கத்திரி

என் ஓரகத்தி காசு வாங்காமல் முடி வெட்டுகிறாள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பார்லர் வேலை கற்றுக்கொண்டு முழுசாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்கள் என்று வீடு தேடிப் போய் வெட்டிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவாள். நானோ பார்லரில் நின்று நின்றே காலில் நரம்பு சுருண்டவள். அவளுக்குத் 'தர்மப்பிரபு' என்று பெயர் வைத்தது நான்தான்.

"ஏண்டி, கைக்காசைப் போட்டு பஸ்ல போய் ஊர்த் தலையெல்லாம் வெட்டுறியே, உனக்கு வேற வேலை இல்லையா?"

"கை பழகணும்லக்கா. புதுசா வந்தவளை நம்பி யாரு காசும் குடுத்துத் தலையும் குடுப்பாங்க?"

"சின்னவளுக்கு என்ன மனசு பாரு" என்றார் மாமியார். எனக்கு வயிறு எரிந்தது. மாசாமாசம் சம்பளத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறேன். என் மனசைப் பற்றி அந்த வீட்டில் ஒருத்தரும் வாய் திறந்ததில்லை.

பார்லருக்கு எதிரே ஒரு மூலைக்கடை பூட்டிக் கிடந்தது. என் உயிரே அதில்தான் இருந்தது. மதியம் சாப்பிட்டதும் போய் ஷட்டர் இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பேன். இடது சுவரில் பெரிய கண்ணாடி, அதன் முன்னால் என் நாற்காலி, பின்னால் தலை அலசும் தொட்டி. எல்லாவற்றையும் மனசுக்குள் மாட்டி முடித்திருந்தேன். கடைக்குச் சொந்தக்காரரிடம் வாடகைக்குக் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்மா" என்பார். அதையே பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அதுவரைக்கும் தர்மப்பிரபுவை அடக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். பார்லருக்கு வரும் வில்லங்கங்களை எல்லாம் அவளிடம் தள்ளிவிட்டேன். பேன் தலையா, நாற்காலியில் உட்காரவே முடியாத பாட்டியா, கத்திரியைக் கண்டாலே ஊளையிடும் பிள்ளையா, "ஒருத்தி இருக்கா, ஓசியிலேயே வெட்டுவா" என்று அவள் நம்பரைக் கொடுத்தேன். நாலு பேரிடம் கடிபட்டால் ஓசி ஆசை தன்னால் விட்டுப்போகும் என்பது என் கணக்கு.

ஒரு நாள் ஒரு பெண் தன் மகளோடு வந்தாள். டிரிம்மர் சத்தம் கேட்டதும் குழந்தை அலறி என் கையைக் கடித்துவிட்டது. தாராளமாக நம்பரைக் கொடுத்து அனுப்பினேன்.

ராத்திரி சாப்பாட்டின்போது தர்மப்பிரபு சொன்னாள்: "இன்னைக்குக் கத்திரியே எடுக்கலக்கா. தரையில உக்காந்து பொம்மைக்குத் தலை சீவினோம். நாளைக்கும் போகணும்."

"ஒரு தலைக்கு ரெண்டு நாளா? விளங்கிடும்" என்றேன். மறுபடி மறுபடி போனாள். கடைசியில் அந்தக் குழந்தை அவள் மடியில் உட்கார்ந்தே வெட்டிக்கொண்டதாம். வீடே கேட்டு மகிழ்ந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, மூலைக்கடையின் ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே ஒருத்தி துடைப்பத்தோடு நின்றாள். தர்மப்பிரபு.

"அக்கா, திறந்தப்புறம் உங்களைக் கூப்பிட்டுக் காட்டணும்னுதான் வீட்டுல மூச்சு விடல. ஓனரு கடையை எனக்கே வாடகைக்குக் குடுத்துட்டாரு. அந்தக் கடிச்ச பாப்பா யாருங்கிறீங்க, அவரோட பேத்தி. நீங்கதானே அனுப்பி வச்சீங்க."

என் கையில் அந்தப் பேத்தியின் பல் பதிந்த இடம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

"நீங்க அனுப்புன ஆளுங்கதான்க்கா இப்ப காசு குடுத்துக் கூப்பிடுறாங்க. அவங்க சொல்லி இன்னும் நிறையப் பேரு. ஒத்த ஆளா சமாளிக்க முடியல, ரெண்டு பொண்ணுங்களை வேலைக்கு எடுத்திருக்கேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இடது சுவரைப் பார்த்தேன். வெறுமனே இருந்தது.

"கண்ணாடி எங்கே?"

"வைக்கலக்கா. கத்திரியைக் கண்ணாடியில பாத்தா பிள்ளைங்க மிரளுது."

என் கண்ணாடியையும் கழற்றிவிட்டாள். "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து என் வேலைக்கு வந்தேன்.

அன்று சாயங்காலமே ஒரு தாய், கையில் திமிறும் பையனோடு பார்லருக்குள் வந்தாள். இவனை விடக்கூடாது என்று துணியைப் போர்த்தினேன். உதறினான். பொம்மை மாதிரி சீப்பை ஆட்டிக் காட்டினேன். பிடுங்கி வீசினான். முதலாளியம்மா கல்லாவிலிருந்து என்னை முறைத்தாள்.

"இங்க ஒருத்தங்க ஓசியில வெட்டுவாங்களாமே?" என்றாள் அந்தத் தாய்.

"இப்ப ஓசியெல்லாம் கிடையாது" என்றேன், சட்டென்று. சொல்லும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. "காசு வாங்குறாங்க. அதுவும் இங்கே வாங்குறதை விட ஜாஸ்தி."

"அதனால என்னம்மா, குடுத்துட்டுப் போறேன். எங்க இருக்கு?"

கீழே கிடந்த சீப்பைக் குனிந்து எடுத்து, அந்தச் சீப்பாலேயே எதிர்க்கடையைக் காட்டினேன்.