ராஜதுரை தோட்டத்து ஊதா வெளிச்சம்

1

“லைட்டப் போட்டு ஊர்ப் பூச்சி பூராத்தையும் என் தோட்டத்துக்குக் கூப்பிடுதியே, உனக்கு—”

“நான் கூப்பிட்டா வருது? அது முன்னாலயே—”

“—கிறுக்கு பிடிச்சிருக்கா?”

“—உன் மொட்டுலதான் குடியிருக்கு, அண்ணே!”

பொறுங்கள் இருவரும். வாசகருக்கு யார் யாரென்று சொல்ல வேண்டாமா?

இந்தச் சண்டை சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் என் முதுகுக்குப் பின்னால் நடந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும். முகம் கேட்டால் கையை விரிப்பேன். பெயர்கள் நான் வைத்தவை. ராஜதுரை மல்லிகை போட்டிருக்கிறார். தங்கை பொன்செல்வி புற ஊதா டார்ச் அடித்துப் பூச்சிகளைப் படமெடுக்கிறாள்.*

* அந்த வெளிச்சத்தில் சில புழுக்கள் ஒளிரும், பகலில் கண்ணில் படாதவைகூட. நினைவில் வையுங்கள், பிறகு என்னைக் கேட்கக் கூடாது.

2

வர்ணனையோடு தொடங்கு என்கிறார்கள். சரி: ‘மேற்கே மலை கறுக்க, மல்லிகை வாசம் காற்றில்—’

“வாசமா? மருந்து வாடைல்லா அடிக்கு,” என்கிறாள் பொன்செல்வி.

[வரி போயிற்று.]

3

விடிந்தால் ராஜதுரை மருந்தடிப்பார். அதற்குள், மொட்டைத் துளைத்து வெளியே வரும் புழுவை அவள் படமெடுக்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

“இன்னைக்கு ஒரு ராத்திரி விடு அண்ணே.”

“முகூர்த்தத்துக்குப் பூ தாரேன்னு வாக்கு குடுத்திருக்கேன். புழுவையா கட்டிக் குடுக்க?”

அவர் சொல்வதும் நியாயம், அதுதான் எரிச்சல். கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். “நான் எப்பம்மா அப்படிப் பேசுனேன்?” என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். அந்தப் பக்கத்தையும் கிழித்தேன்.

4

முதல் முடிவு: படத்தைப் பார்த்து அண்ணன் மனம் இளகுகிறார். (நம்புவீர்களா? நான் நம்பவில்லை.)

இரண்டாவது: படத்தைப் பார்க்கிறார். கேமராவில், கறுத்த செடி நடுவே ஒரு புழு மட்டும் பச்சையாய் எரிகிறது.

“இது எங்கன இருக்கு?”

“இந்தா, இந்தக் கொத்துல.” பெருமையில் சொல்லிவிட்டாள், மடச்சி.

“பகல்ல தேடிக் கண்ணு பூத்துப்போச்சு. இப்படித் தெரியுமா, ஏட்டி!”

நசுக்குகிற சத்தம் கேட்டது.

அவள் காத்திருந்த புழு பக்கத்துக் கொத்தில், பாதி வெளியே. டார்ச்சை அணைத்துவிட்டாள். மறுபடி அடித்தால் அண்ணன் விரல் முந்தும். அடிக்காவிட்டால் விடிந்ததும் மருந்து, தேனீக்கும் தட்டானுக்கும் சேர்த்து.

இருட்டு எனக்குப் பொருட்டில்லை, கேட்கத்தானே செய்கிறேன். ஆனால் அவள் வாயையே திறக்க மாட்டேன் என்கிறாள். அடிப்பாளா மாட்டாளா, நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கள்.

“லைட்ட அடி, மக்கா. கையாலயே பொறுக்கிருதேன், நாளைக்கு மருந்தே அடிக்கல.”