சம்பந்திகள் போட்ட தூண்டில்

"பாறைக்குப் போற இடத்துல உங்க வித்தையெல்லாம் அவுத்து விடாதீங்க. முதல் மீன் சம்பந்தி கையாலதான் வரணும். நம்ம பொண்ணு அந்த வீட்டுல வாழறா, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் பல் வைத்தியரின் மனைவி.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் விருந்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. அந்த அப்பா காப்பீட்டுக் கம்பெனியில் பெரிய அதிகாரி. மீன் பேச்சு கல்யாண மண்டபத்திலேயே தொடங்கிவிட்டது. வைத்தியர் தாம் பாறைக்கரையில் பிடித்த மீனின் நீளத்தை இரண்டு கையாலும் காட்டினார். "நாங்களும் ஏதோ கொஞ்சம் பிடிப்போம்" என்று அதிகாரி அடக்கமாகத் தம் கைகளை விரித்ததில், பந்தி பரிமாற வந்தவர் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. ஒருநாள் சேர்ந்து போகலாம் என்று இருவரும் சொன்னார்கள். சொன்னபடி நடந்துவிடும் என்று இருவருமே எதிர்பார்க்கவில்லை.

வைத்தியர் யோசித்தார். வேண்டுமென்றே தோற்பதற்கும் திறமை வேண்டும். தப்பித் தவறி மீன் மாட்டித் தொலைத்தால்? கடைசி நோயாளி வாயைத் துடைத்துக்கொண்டு போனதும், கம்பி நறுக்கும் குறட்டை எடுத்து, தூண்டிலில் இரைக்குப் பதிலாகக் கட்டும் பொம்மை மீனின் வயிற்றில் தொங்கிய முட்களை ஒன்றுவிடாமல் நறுக்கினார். வலியே இல்லாமல் முடிந்தது. முள் இல்லாத தூண்டிலில் இன்னொரு வசதியும் அவருக்குப் பிடிபட்டது. மீன் வராவிட்டால் அது பெருந்தன்மை. திறமைக் குறைவு என்று எவனும் சொல்ல முடியாது.

காலையில் இருவரும் பாறைமேல் நின்றார்கள். அலை கீழே வந்து மோதிப் பிளந்து, வெள்ளையாகப் பின்வாங்கியது. வைத்தியர் பெட்டியைத் திறந்தார். பொய்ப்பல் வைக்கும் பெட்டி. இப்போது அறை அறையாக ஈயக்குண்டு, தக்கை, ரப்பர் புழு.

"பாறையில ஈயத்தை நேரா தூண்டில் நரம்புல கட்டக்கூடாது சம்பந்தி. இடுக்குல மாட்டினா மொத்தமும் போயிடும். பழைய நட்டு ஒண்ணை, இத்துப்போன மெல்லிசு நூலால கட்டணும். மாட்டினா நட்டு மட்டும் அறுந்து போகும். தூண்டில் பிழைச்சுக்கும்."

"அதாவது சின்ன நஷ்டத்தை ஒத்துக்கிட்டுப் பெரிய நஷ்டத்தைத் தடுக்கறது" என்றார் அதிகாரி. "நாங்க முப்பது வருஷமா அதைத்தானே விக்கிறோம்."

"இறால் எடுத்துக்குங்க. இன்னிக்குக் காலையில வாங்கினது. பாறை மீனுக்கு இதுக்கு மேல இரை கிடையாது."

"ஐயோ, நல்ல இறாலை நீங்க போடுங்க. எனக்கு அந்த ரப்பர் புழு போதும்."

"சேச்சே! ரப்பரை உங்க கையில குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போக முடியுமா?"

இறால் இரண்டு கைகளுக்கு நடுவே நாலு தடவை போய்வந்தது. உயிரோடு இருந்திருந்தால் களைத்தே செத்திருக்கும். கடைசியில் அதிகாரி வாங்கிக்கொண்டு, "நான் கட்டும்போது யாரும் பார்த்தா ராசி இல்லை" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வைத்தியர் பொம்மை மீனைக் கைக்குள் மூடிக்கொண்டு, "இது வெளிநாட்டுச் சரக்கு, கண்ணைக் கூசும்" என்றார்.

வீசினார்கள். அதிகாரியின் தக்கை பாறைக்குச் சற்றுத் தள்ளி, நுரை அடங்கும் இடத்தில் நின்று ஆடியது. நல்ல இடம். வைத்தியர் வேண்டுமென்றே வெட்டவெளித் தண்ணீரில் வீசி, நின்று நின்று இழுத்தார். "அடிபட்ட மீன் மாதிரி நடிக்கணும்" என்று விளக்கமும் சொன்னார். முள்ளில்லாத பொம்மை மனப்பூர்வமாக நடித்தது.

தக்கை குபுக்கென்று முங்கியது.

"இழுங்க சம்பந்தி!"

"அவசரப்படக் கூடாது" என்றார் அதிகாரி, அசையாமல்.

தக்கை மேலே வந்தது. சுருட்டிப் பார்த்தால் இறாலைக் காணோம். மறுபடி முதுகைக் காட்டி இன்னொன்று கட்டினார். மறுபடி முங்கியது. மறுபடி, "அவசரப்படக் கூடாது." சம்பந்தி வீட்டு விருந்தென்றால் இப்படி இருக்கவேண்டும் என்று கீழே மீன்கள் பேசிக்கொண்டிருக்கும். மேலே வைத்தியர் மிச்சமிருந்த இறாலை எண்ணினார். இறால் தீரப்போகிறது. வெறுங்கையோடு போனால் வீட்டில் கேள்வி சம்பந்தியை நோக்கி வராது, தம்மை நோக்கித்தான் வரும். சம்பந்தியின் முகம் சுண்டினால் அதன் எதிரொலி மகள் வீட்டுச் சமையலறையில் கேட்கும்.

மூன்றாவது தடவை தக்கை முழுக்க மறைந்தபோது அவர் தம் கம்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். "இப்படிக் குடுங்க!"

"விடுங்க சம்பந்தி, வேண்டாம்!"

"அட, சும்மா இருங்க, போயிடப்போகுது!"

கம்பு இழுபட்டது. இரண்டு நரம்பும் பின்னிக்கொண்டு, ஒரு குருவிக்கூடு போலப் பாறைமேல் வந்து விழுந்தன. வைத்தியர் குனிந்து சிக்கெடுத்தார். ஒரு முனையில் பாதி இறால், தையல் நூலால் பதவிசாகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. முள் இல்லை. மறு முனையைப் பிடித்திருந்த அதிகாரி பொம்மை மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலும் இல்லை.

அலை ஒன்று வந்து இருவரையும் முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போனது.

"வீட்டுல சொன்னாங்களா?" என்றார் அதிகாரி.

"உங்க வீட்டுலயுமா?"

"'போன இடத்துல அவரை ஜெயிச்சுத் தொலைக்காதீங்க, மருமக மூஞ்சியில நான் முழிக்கணும்'னு."

வைத்தியருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு அதிகாரிக்கு. சிரித்துச் சிரித்து இருவரும் ஈரப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஆமா, மண்டபத்துல காட்டினீங்களே ஒரு மீன்?" என்றார் வைத்தியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மண்டபம் பெருசு" என்றார் அதிகாரி. "உங்களுது?"

வைத்தியர் உள்ளங்கையைக் காட்டினார். யோசித்து, இரண்டு விரலை மடக்கினார்.

பெட்டியின் மூலையில், முள் உள்ள தூண்டில் ஒன்றுதான் மிச்சம். இறாலும் ஒன்றே. அதோடு சம்பந்தி மரியாதையும் தீர்ந்துபோயிருந்தது.

"இரையை இன்னும் இறக்குய்யா, மீன் அடியில எங்கயோ இருக்கு!"

"யோவ், இறக்கினா பாறையில மாட்டும். பல்லைப் பிடுங்கறவனுக்குத் தண்ணியோட ஆழம் என்ன தெரியும்?"

"மாட்டினா நட்டுதானே போகும்? காப்பீடுதான் இருக்கே, பயந்தாங்குளி!"

தக்கை முங்கியது. இந்தத் தடவை இருவருமே அவசரப்பட்டார்கள்.

வீட்டு வாசலில் இரண்டு மனைவிமாரும் காத்திருந்தார்கள். பையில் ஒரே ஒரு மீன் இருந்தது. "யார் பிடிச்சது?" என்று இருவரும் கேட்டார்கள்; இருவருக்கும் வரவேண்டிய பதில் என்னவென்று தெரியும்.

"நான்தான்!" என்றார்கள் இரண்டு பேரும்.

இரண்டு பெண்களின் முகமும் ஒரே சமயத்தில் வெளிறியது.

"பொய் சொல்றான்! கம்பைப் பிடிச்சது நானு."

"முள்ளைக் கட்டினது யாருய்யா? உன் தையல் வேலைக்கு இறால்கூட மாட்டாது!"

வைத்தியரின் மனைவி தலையில் கைவைத்தாள். அதிகாரியின் மனைவிதான் அவள் தோளைத் தொட்டு, "விடுங்க சம்பந்தியம்மா. மூணு மாசமா ரெண்டும் 'வாங்க, போங்க'ன்னு பேசிப் பேசி எனக்கு மூச்சு முட்டிச்சு. இப்பத்தான் சொந்தக்காரங்க மாதிரி சண்டை போடுதுங்க" என்றாள்.

மீன் எண்ணெயில் விழுந்தபோது மகள் போனில் வந்தாள். வீடியோவில் அவள் முகமும், அதற்குப் பின்னால் மாப்பிள்ளையின் பாதி முகமும் தெரிந்தன.

"எவ்வளவு பெருசுப்பா?"

அடுப்பருகே நின்ற சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒற்றுமையாகக் கைகளை விரித்தார்கள். வைத்தியரின் முழங்கை அலமாரியில் இடித்தது. அதிகாரியின் கை சுவரில் முட்டியது. சமையலறை சிறியது. அதனால் மீன் ஒரு முழத்தோடு நின்றது.