உன்ரை அப்பாட்டைக் கேள்

1

இந்தக் கதை என் கற்பனையில்லை. காதில் விழுந்தது. விழுந்ததை எடுத்து வைத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாண நகரில் ஒரு விடுதியில் இரவு வேலை பார்த்தேன். பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். இப்போது சண்டிலிப்பாயில் மச்சானின் கடையில் பகலில் இருக்கிறேன். போன் ரீலோட், போட்டோக் கொப்பி, பள்ளிக்கூடக் கொப்பி, பேனை. வேலையில் பாதி சும்மா இருப்பதுதான். சும்மா இருப்பவனிடம் ஊர் வந்து கதைக்கும்.

ஒருநாள் மோட்டார்சைக்கிளில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். தகப்பன், தாய், நடுவில் இருந்து வந்த பத்து வயதுப் பெண்பிள்ளை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைப் போட்டோக் கொப்பி எடுக்க வேண்டும்.

தாய் பிள்ளையிடம் சொன்னாள்: "எத்தினை எடுக்கிறதெண்டு உன்ரை அப்பாட்டைக் கேள்."

அப்பா கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். பிள்ளை திரும்பிக் கேட்டது.

"ரெண்டு காணுமெண்டு அம்மாட்டைச் சொல்லு."

பிள்ளை திரும்பிச் சொன்னது.

"வீட்டிலையும் ஒண்டு கிடக்கட்டும், மூண்டெண்டு சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை. தாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இருக்கவில்லை. ஏதோ ஒன்றை மறைத்து வைத்திருந்து பிடிபட்டவள் போலப் பார்த்தாள். கதை அந்தப் பார்வையில் தொடங்குகிறது. நான் மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

உதயகலா விடியற்காலை எழும்பி அடுப்பை மூட்டியபோது

இல்லை. அடுப்படியில் தொடங்கும் கதை அவளை அங்கேயே இருத்திவிட்டுப் போய்விடும்.

நீண்ட காலத் திருமணம் என்பது ஒரு

ஒரு என்ன? உவமை தேடிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து கடித உறை கேட்டார். நல்லதாகப் போயிற்று.

கோபிசங்கர் கெட்டவன் இல்லை.

இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் அவன் கெட்டவன்தான் என்று நீங்கள் உடனே முடிவு கட்டிவிடுவீர்கள்.

ஆகவே விவரத்தை மட்டும் சொல்கிறேன். உதயகலாவுக்கு முப்பத்தாறு வயது. முன்பு முன்பள்ளி ஒன்றில் படிப்பித்தாள். மகள் தர்சிகா பிறந்ததும் வேலையை விட்டாள், திரும்பிப் போகவில்லை. கோபிசங்கருக்கு மிளகாய்த் தோட்டம். குடிப்பதில்லை, அடிப்பதில்லை, நேரத்துக்கு வீட்டுக்கு வருவான். இருவரும் பிள்ளை வழியாக மட்டுமே கதைப்பார்கள். நேரே கதைப்பதில்லை.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை. மாற்றினால் மிளகாயையும் மாற்ற வேண்டி வரும்.)

3

காரணம் என்ன?

எனக்கும் அதுதான் சிக்கல். கதை எழுதுகிறவனுக்குக் காரணம் வேண்டும். ஒரு பழைய காதல், ஒரு சீதனச் சண்டை, போரில் போன ஒரு தம்பி. மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் நன்றாகவே வந்தன. நன்றாக வந்ததாலேயே சந்தேகப்பட்டு விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் அவள் தனியாக ரீலோட் போட வந்தபோது கேட்டேவிட்டேன். "அக்கா, அண்ணையோடை ஏதும் கோவமோ?"

"அண்டைக்குச் சிரிச்சவன் நீதானே?"

"ஓம்."

"கோவமெண்டால் நல்லது, தம்பி. அடிச்சாரெண்டால் ஆரிட்டையும் சொல்லலாம். கதைக்கிறாரில்லை எண்டு ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? உங்களுக்கென்ன குறையெண்டு கேப்பினம்."

"நீங்களும்தானே கதைக்கேல்லை?"

"பிள்ளை கதைக்கத் தொடங்கேக்கை விளையாட்டாத் தொடங்கினது. 'அப்பாட்டைச் சொல்லு செல்லம், சாப்பாடு ரெடியெண்டு.' அது தத்தித் தத்திப் போய்ச் சொல்லும். ரெண்டு பேரும் சிரிப்பம். பிறகு பிள்ளை வளந்திட்டுது. நாங்கள் நிப்பாட்டேல்லை."

இவ்வளவுதான் காரணம். உங்களுக்குப் போதவில்லை என்றால் மேலே உள்ள மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

4

அவள் சும்மா இருக்கவில்லை. இதை நான் வலியுறுத்த வேண்டும். 'மனம் நொந்த மனைவி' என்று எழுத விரல் போகிறது. அவள் நொந்துபோய் உட்கார்ந்திருக்கிறவள் இல்லை. ஒரு இடத்தில் நிற்கவே மாட்டாள். கடையில் என்னோடு கதைக்கும்போதே பேனைப் பெட்டியில் நிறம் மாறிக் கிடக்கும் பேனைகளை எடுத்து அடுக்குவாள்.

மானிப்பாயில் ஒரு பார்லருக்குப் போய்த் தலைமயிரைத் தோளோடு வெட்டிக்கொண்டு வந்தாள். இரவுச் சாப்பாட்டில் கோபிசங்கர் பிள்ளையிடம் சொன்னான்: "அம்மா தலைமயிரை வெட்டிப்போட்டா போலை." பிள்ளை தாயிடம் சொன்னது: "அம்மா, அப்பா கண்டிட்டார்."

நகரத்துக்குப் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை நடுக் கதிரையில். இடைவேளையில் அவனோடு நேரே கதைப்பது என்று முடிவெடுத்திருந்தாள். விளக்குப் போட்டதும் அவள் வாயிலிருந்து வந்தது: "படம் எப்பிடியெண்டு அப்பாட்டைக் கேள்."

"வாய் தன்ரை பாட்டிலை போகுது, தம்பி" என்றாள். "நேரை கேக்க வெளிக்கிட்டால், எப்பிடிக் கூப்பிடுறதெண்டு தெரியேல்லை. முந்தி 'இஞ்சேருங்கோ' எண்டனான். இப்ப அப்பிடிக் கூப்பிட வெக்கமாக் கிடக்கு. ஆரோ வேறை மனிசரைக் கூப்பிடுற மாதிரி."

ஓகஸ்ட் விடுமுறை வந்தது. தர்சிகாவை உடுப்பிட்டியில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பினாள். திட்டம் எளிமையானது. "பிள்ளை இல்லாட்டி ஆரிட்டைச் சொல்லுவார்? என்னட்டைத்தானே சொல்லவேணும்."

நல்ல திட்டம் என்று நானும் சொன்னேன். நான் கலியாணம் கட்டாதவன். எனக்குத் திட்டங்கள் எல்லாம் நல்லதாகவே தெரியும்.

5

முதல் நாள் வீட்டில் சத்தமில்லை. அவள் தேநீரை மேசையில் வைத்தாள், அவன் எடுத்துக் குடித்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து, ஒரே நேரத்தில் வழிவிட்டு, ஒரே நேரத்தில் திரும்பிப் போனார்கள். (இது அவள் சொன்னதில்லை. நான் சேர்த்தது. நடந்திருக்கும்.)

மறுநாள் காலை அவள் அடுப்படியில் நிற்கும்போது போன் அடித்தது. உடுப்பிட்டியிலிருந்து தர்சிகா.

"அம்மா, அப்பா கேக்கிறார், அந்தப் பச்சைச் சேட்டு எங்கையெண்டு."

உதயகலா அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோபிசங்கர் அலுமாரிக்கு முன்னால் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் மகளுக்கு எடுத்திருக்கிறான். மகள் தாய்க்கு எடுத்திருக்கிறாள். சண்டிலிப்பாயில் ஓர் அறையிலிருந்து பக்கத்து அறைக்குப் போக வேண்டிய கேள்வி உடுப்பிட்டிக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது.

அவளுக்கு அப்போது ஒரு சந்தர்ப்பம் இருந்தது. போனை வைத்துவிட்டு அந்த அறைக்குள் போயிருக்கலாம்.

"கீழ்த்தட்டிலை கிடக்கெண்டு சொல்லு" என்றாள் போனில்.

இதைச் சொல்லும்போது கடையில் அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு அவள் சிரிப்பை நிறுத்தினாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்துவிட்டேன்.

6

கோபிசங்கரை இதுவரை நான் சரியாக எழுதவில்லை என்று தெரியும். அவனை ஒரு மரக்கட்டையாக வைத்திருந்தேன். மரக்கட்டையாக வைத்திருப்பது எழுதுகிறவனுக்கு வசதி. அவனுக்கு வேலை கொடுக்கத் தேவையில்லை. அந்த வசதியையும் அவன் கெடுத்தான். ரீலோட் போட வந்தான்.

"என்ன அண்ணை, நேற்றும் போட்டனீங்கள். ஆரோடை உந்தக் கதை?"

"மகளோடை. உடுப்பிட்டியிலை நிக்கிறாள்." போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வீடு வெறிச்செண்டு கிடக்கு."

"அக்கா இருக்கிறா தானே?"

"ஓம். அவ இருக்கிறா."

"அக்காவோடை கதைக்கலாமே."

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். கெட்ட வார்த்தை ஏதோ நான் சொல்லிவிட்ட மாதிரி. "என்னத்தைக் கதைக்கிறது? மிளகாய்க்கு மருந்தடிச்சதையோ?"

"அதையும் கதைக்கலாம்."

"மணத்திலையே தெரிஞ்சிருக்கும் அவவுக்கு."

போவான் என்று நினைத்தேன். போகவில்லை. வாசலில் நின்று ஹெல்மெற்றைப் போட்டான், கழற்றினான்.

"அவ இஞ்சை வாறவ தானே, தம்பி. ஏதும் சொன்னவவோ?"

முதல்நாள்தான் அவள் போகும்போது சொல்லியிருந்தாள்: "இவர் வந்தால், ஏதும் கதைச்சவரோ எண்டு எனக்குச் சொல்லு, என்ன."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளை உடுப்பிட்டியில். பிள்ளையின் வேலை என்னிடம்.

"ஒண்டும் சொல்லேல்லை, அண்ணை" என்றேன். பொய். ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்தக் கதையும் அதே வேலையைத்தானே செய்துகொண்டிருக்கிறது. அவள் சொன்னதை உங்களிடம், அவன் சொன்னதை உங்களிடம். நடுவில் நின்று தலையைத் திருப்பித் திருப்பி

7

விடுமுறை முடியும் தறுவாயில் அவள் வந்தாள். ஒன்றும் வாங்கவில்லை. பேனைகளையும் அடுக்கவில்லை.

உடுப்பிட்டியிலிருந்து அவளுடைய அக்கா போன் எடுத்திருக்கிறாள். பகிடியாகச் சொல்லத்தான் எடுத்தாள். மதியச் சாப்பாட்டில் அக்காவின் மனிசன், "இண்டைக்குக் கறிக்கு உப்புக் கூடிப்போச்சு" என்றாராம். "அப்ப நாளைக்கு நீங்கள் காய்ச்சுங்கோ, நான் இருந்து சாப்பிடுறன்" என்றாளாம் அக்கா. "நான் காய்ச்சினால் நீ உயிரோடை இருக்கமாட்டாய்" என்று அவர். தினமும் நடப்பதுதான்.

தர்சிகா சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டு, மெல்லக் கேட்டாளாம்: "பெரியம்மா, நீங்கள் ரெண்டு பேரும் சண்டையோ?"

"இல்லையே. ஏன், பிள்ளை?"

"நேரை நேரை கதைக்கிறியள்."

அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம். உதயகலா சிரிக்கவில்லை.

"இனி எனக்கு ஆசை, சந்தோசம், அதொண்டும் வேண்டாம், தம்பி" என்றாள். "அவள் திரும்பி வாறதுக்கிடையிலை இவரோடை நேரை கதைச்சுப் பழகவேணும். இல்லாட்டி அவள் நாளைக்கு ஒருத்தனைக் கட்டிப்போட்டு, கதைக்கிறதுக்கு ஒரு பிள்ளை பிறக்குமட்டும் பாத்துக்கொண்டிருப்பாள்."

8

முடிவுகள்.

(அ) மழை பெய்கிறது, மின்சாரம் போகிறது, இருட்டில் இருவரும் கதைக்கத் தொடங்குகிறார்கள். இந்த மழையை எத்தனையோ கதைகளில் பெய்ய விட்டுவிட்டார்கள். அதுவும் ஓகஸ்டில் இங்கே மழை எங்கிருந்து வரும்.

(ஆ) அவள் பையைக் கட்டிக்கொண்டு உடுப்பிட்டிக்குப் போய்விடுகிறாள். இது தைரியமான முடிவு என்று வாசிக்கிறவர்கள் சொல்வார்கள். அவள் அதைக் கேட்கவில்லை. அவள் கேட்டது ஒரு வாக்கியம்.

(இ) அடுத்த முறை கடைக்கு வந்தபோது அவள் சொன்னது இது:

மறுநாள் காலை பிளாஸ்கில் தேநீர் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மிசின் ஓடிக்கொண்டிருந்தது. காது அடைக்கும் சத்தம். கோபிசங்கர் வாய்க்காலில் நின்று மண்வெட்டியால் தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பிக்கொண்டிருந்தான். அவள் வரம்பில் நின்றபடியே சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. ஆனால் அவள் வாய் அசைவதைக் கண்டான்.

உடனே அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில் பார்த்தான். பிள்ளை நிற்கும் இடத்தில்.

அங்கே ஒருவரும் இல்லை.

அவன் மண்வெட்டியை வாய்க்காலிலேயே போட்டுவிட்டு, கிணற்றடிக்கு நடந்து போய் மிசினை நிறுத்தினான். இறைத்துக்கொண்டிருக்கும்போது பாதியில் மிசினை நிறுத்துகிற தோட்டக்காரனை நான் கண்டதில்லை. சத்தம் நின்றது. வாய்க்காலில் தண்ணீர் தளர்ந்தது. அவன் வந்து வரம்புக்குக் கீழே நின்று கேட்டான்:

"என்ன?"

"பிறகு?" என்றேன் நான்.

உதயகலா கடை மேசையில் கிடந்த ஒரு பேனையை எடுத்து அதற்குரிய பெட்டியில் போட்டாள்.

"பிறகென்ன பிறகு? உனக்கேன் அது?"

"கதைக்கு வேணும், அக்கா."

"கதைக்கெண்டால் நீயே எழுது."

எழுதிப் பார்த்தேன். 'எங்கடை பிள்ளை எங்களைப் பாத்து' என்று அவள் தொடங்கினாள், விட்டேன். 'என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ' என்று சொல்ல வைத்தேன், அது சினிமா. 'தேத்தண்ணி கொண்டந்தனான்' என்று வைத்தேன். இது பரவாயில்லை. ஆனால் எல்லாவற்றிலும் என் குரல்தான் கேட்கிறது.

அதன் பிறகு அவள் வரவில்லை. அவனும் ரீலோட் போட வரவில்லை. நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியாது.

9

பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல்நாள் மூன்று பேரும் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார்கள். கொப்பி வாங்க. பிள்ளை பழையபடி நடுவில் வந்து நின்றாள்.

"என்ன கொப்பி, நாப்பது பக்கமோ, எண்பதோ?" என்றேன். வேண்டுமென்றே ஒருவரையும் பார்க்காமல் கேட்டேன். கேள்வி மூன்று பேருக்கும் நடுவில் போய் விழுந்தது.

தர்சிகா தாயைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். வேலைக்குத் தயாராக நிற்கிறவள் மாதிரி நின்றாள். உதயகலா தலையை நிமிர்த்தினாள். அவள் முகம் அவன் பக்கமா பிள்ளை பக்கமா என்று நான் நின்ற இடத்திலிருந்து சொல்ல முடியாது. வாயைத் திறந்தாள்.

கேட்டால் அதை உங்களிடம் கொண்டுவந்து சொல்லுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். எனவே முதுகைத் திருப்பிக்கொண்டு போட்டோக் கொப்பி மிசினைப் போட்டேன். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. பழைய மிசின், நல்ல சத்தம் போடும். வெளிச்சம் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய் வந்தது. வெறுந்தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. தாள் முடியும்வரை விட்டேன்.

சத்தம் நின்றதும் திரும்பினேன்.

"எண்பது, தம்பி" என்றான் கோபிசங்கர்.

உதயகலா வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவில் தர்சிகாவின் வாய் பாதி திறந்திருந்தது. அது சொல்லி முடித்த வாயா, சொல்ல இடம் கிடைக்காத வாயா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கொப்பி எடுக்கப் போனேன்.